தொட்டி இல்லாத மூடிய ஹீட்டிங் அமைப்பு: மகள் வீட்டுக்குச் சரி வருமா?

பாரியூரான், கோபிசெட்டிபாளையம்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் சாயப்பட்டறைகளில் பாய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். முதல் வகுப்புச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. இப்போது கேட்பது, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் மகள் வாங்கியிருக்கும் பழைய வீட்டைப் பற்றி.

அங்கே சமையலறையில் ஒரு பழைய கேஸ் பாய்லர் நிற்கிறது. அதிலிருந்து அறைக்கு அறை ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போய்த் திரும்புகிறது. அட்டாலியில் சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. தண்ணீர் விரிந்தால் அதில் ஏறிக்கொள்ளும். குறைந்தால் மிதவை வால்வு நிரப்பிவிடும். வீடியோ அழைப்பில் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வேலைக்கு வந்தவரோ அத்தனையையும் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கும் குளியலுக்கும் ஒன்றே வெந்நீர் தரும், சுவரில் மாட்டும் காம்பி பாய்லர் வைத்து, தொட்டியே இல்லாமல் முழுக்க மூடிவிடலாம் என்கிறாராம். அட்டாலி காலியாகிறது என்று மகளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

தண்ணீரை மூடிவைத்துச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறையில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தம். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. சேஃப்டி வால்வு இரண்டு. அதற்கு மேல் ஆண்டுதோறும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். மகள் வீட்டில் பகலெல்லாம் ஆளே இருக்காது. விரிகிற தண்ணீர் எங்கே போகும்? காவலுக்கு என்ன இருக்கிறது? "இப்போது எல்லோரும் இப்படித்தான் வைக்கிறார்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை மகளே சொல்லிவிட்டாள்.

அவினாசி ரோடு

ஐயா, பேசாமல் செம்புத் தவலை ஒன்றும் ஒரு கட்டுத் தென்னை மட்டையும் விமானத்தில் ஏற்றிவிடுங்கள். வெடிக்கவும் வெடிக்காது, கேஸ் பில்லும் வராது.

ஆனைமலையான், இப்போது லெஸ்டர்

வணக்கம் ஐயா. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். பிழைப்பே இந்த வேலைதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பத்து கிலோவை மறந்துவிடுங்கள். அது 180 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நீராவி. உடைந்தால் தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகிப் பாயும். இங்கே தண்ணீர் 60, 70 டிகிரி. அதிகம் போனால் 80. குளிர்ந்திருக்கும்போது கேஜ் 1 முதல் 1.5 பார் காட்டும், சூடேறினால் 2 பாரை ஒட்டி நிற்கும். உங்கள் கணக்கில் இரண்டு கிலோ. குழாய் விட்டுப்போனால் கம்பளம் நனையும், அவ்வளவுதான்.

விரியும் தண்ணீருக்கு எக்ஸ்பான்ஷன் வெசல் இருக்கிறது. காம்பியில் அது பாய்லருக்குள்ளேயே வரும். தட்டையான இரும்பு டப்பா, நடுவே ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஒரு பாருக்குச் சற்றுக் குறைவாக அடைத்த காற்று. அமைப்பில் நூறு லிட்டர் தண்ணீர் இருந்து, அது 10 டிகிரியிலிருந்து 80-க்கு ஏறினால் சுமார் 3 லிட்டர் கூடும். அது காற்றை அழுத்திக்கொண்டு டப்பாவுக்குள் போய்விடும். அப்படியும் அழுத்தம் ஏறினால் 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து, தண்ணீர் செம்புக் குழாய் வழியாக வெளிச்சுவருக்குப் போகும். சூடு எல்லை மீறினால் பர்னரை அணைக்கத் தனி சுவிட்ச் உண்டு.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அட்டாலித் தொட்டி, கீழ்த்தளக் குழாயிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் இத்தனை காலமும் அந்த மூட்டுகள் தாங்கியது அரை பார்தான். நாளைக்கு அதே மூட்டுகள் மூன்று நான்கு மடங்கு தாங்க வேண்டும். பலகைத் தரைக்கடியில் பச்சை படிந்து கிடக்கும் பழைய மூட்டுதான் முதலில் கசியும். பாய்லரைப் புதிதாக மாட்டும் முன் பழைய குழாய்களை அழுத்தச் சோதனை செய்வாரா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

திறந்த தொட்டி வழியாகக் காற்று கலந்து கலந்து ரேடியேட்டர் அடியில் கறுப்புச் சேறு சேர்ந்திருக்கும். அதைக் கழுவி வெளியேற்றாமல் புது பாய்லரை இணைத்தால், உள்ளே தண்ணீர் சூடேறும் பகுதியான ஹீட் எக்ஸ்சேஞ்சர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழுவியபின் துருத்தடுப்பு மருந்து ஊற்றி, திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் வைக்க வேண்டும். கேஸ் குழாயும் முக்கியம்: காம்பி குளியலுக்கு உடனடியாக வெந்நீர் தர வேண்டியிருப்பதால் பழைய பாய்லரைவிட அதிகம் இழுக்கும். 15 மில்லிமீட்டர் குழாய் பல வீடுகளில் போதாது, 22 போட வேண்டிவரும்.

வருகிறவரிடம் கேஸ் சேஃப் அட்டை, அதாவது கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதற்கான அட்டை, இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும்.

பேரூர் அம்மிணி

அண்ணா, அழுத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? நம் ஊரில் ஜன்னலில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு அதுதான் பயம்.

ஆனைமலையான், இப்போது லெஸ்டர்

சரியாகக் கேட்டீர்கள் அக்கா. இந்த பாய்லர் எரியக் காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே விடும். அறைக் காற்றைத் தொடாது. இருந்தாலும் இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து, புது பாய்லர் வைக்கும்போது அலாரமும் வைப்பது கட்டாயம்.

பாரியூரான், கோபிசெட்டிபாளையம்

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். மகள் அனுப்பிய மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். பாய்லர் விலை, கூலி, பழையதை அகற்றுவது எல்லாம் இருக்கிறது. கழுவுவது பற்றி ஒரு வரி இல்லை, கேஸ் குழாய் அளவும் இல்லை. போனில் கேட்டதற்கு "அதெல்லாம் வேலை தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். கழுவாமல் புது பாய்லரைத் தலையில் கட்டப் பார்க்கிறார். எழுத்தில் வரட்டும், அதுவரை முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வெசலில் காற்று இறங்கிவிட்டால் எப்படித் தெரியும்?

ஆனைமலையான், இப்போது லெஸ்டர்

கேஜ் முள் காட்டிக்கொடுத்துவிடும். குளிர்ந்திருக்கும்போது பூஜ்யத்தை ஒட்டியும் சூடானதும் 3 பாரை நோக்கியும் ஆடினால் காற்று இறங்கிவிட்டது. வெசலில் கார் டயருக்கு இருப்பது போன்ற வால்வுதான். பொறியாளர் அதன் ஊசியை அழுத்திப் பார்ப்பார். தண்ணீர் பீறிட்டால் ரப்பர் கிழிந்திருக்கிறது, வெசலை மாற்ற வேண்டும். காற்றுக்கூட வராவிட்டால் தண்ணீர் அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பம்பால் அடைத்தால் போதும். முள் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் கசிவு. வாராவாரம் தண்ணீர் நிரப்பிச் சமாளிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போய்த் துருப்பிடிக்கும். நிரப்பும் குழாய் தனியாக மாட்டியதாக இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். குடிநீர்க் குழாயோடு நிரந்தரமாகச் சேர்ந்திருக்கக் கூடாது.

புது மதிப்பீடு வந்ததும் இங்கே போடுங்கள். புகை குளிர்ந்து பாய்லரிலிருந்து வடியும் அமிலத் தண்ணீருக்கான குழாய் வெளிச்சுவரில் எவ்வளவு நீளம் ஓடப்போகிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். லீட்ஸ் குளிரில் அது உறைந்தால் பாய்லர் நின்றுவிடும்.