டெக்கன் 7 சிறப்பு அத்தியாயம்: அகுமாவை வெல்ல வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்து கிடைத்த ஓய்வில், 2017-இல் கணினிக்கு வந்த டெக்கன் 7 விளையாட்டின் கதைப் பகுதியை நானும் தம்பியும் மாறி மாறி விளையாடி, எரிமலையின் நடுவே தந்தை ஹெய்ஹாச்சியும் மகன் கசூயாவும் மோதும் இறுதிக் கட்டம் வரை முடித்துவிட்டோம். தந்தை மகன் பகையை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன சண்டை விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை.

அதன்பின் திறக்கும் சிறப்பு அத்தியாயத்தில், கசூயாவாக நின்று அகுமா என்ற வலிமைமிக்க சண்டைக்காரனை எதிர்க்கும் இடத்தில்தான் பத்து நாள்களாகச் சிக்கியிருக்கிறோம். தள்ளி நின்றால் நெருப்புப் பந்துகளை வரிசையாக எறிகிறான். தாண்டக் குதித்தால் தரையில் கால் படுமுன்பே அடித்து வீழ்த்துகிறான். கதைப் பகுதிக்கென உள்ள எளிய பொத்தான் உதவியைப் பயன்படுத்தியும், அவன் உயிர்க்கோடு பாதியாவதற்குள் எங்கள் கோடு தீர்ந்துவிடுகிறது. தம்பியின் இடது கட்டைவிரல் கொப்புளித்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு விளையாடுகிறான்.

பந்துகளைப் பக்கவாட்டில் விலகித் தவிர்ப்பதா, தடுத்தபடியே நெருங்குவதா? உயிர் குறைந்தபின் மட்டுமே கிடைக்கும் ரேஜ் ஆர்ட் என்ற பெரும் தாக்குதலை எந்தத் தருணத்தில் விடுவது? இந்த அத்தியாயத்தை முடித்தவர்கள் தாங்கள் செய்ததை விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.