உதவி: வெளியே நிறுத்தினால் சேட்டை கூடுகிறது, இதை எந்தத் தண்டனைக் கோட்பாட்டில் எழுதுவது?

பயிற்சி ஆசிரியை, பத்தனை
வணக்கம். கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 4 வகுப்பில் இருக்கிறேன். பெருக்கல் தொடங்கியதும் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளைகளின் பென்சிலைப் பிடுங்குவான், மேசையைத் தட்டிப் பாடுவான். வகுப்பு டீச்சர் அவனை வெளியே நிறுத்துவார். வராந்தாவில் நின்றால் கீழே தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் தெரியும். நிறுவை நேரத்துக்கு அவன் அம்மா கூடையோடு வருவார், இவன் கையைக் காட்டுவான். போன தவணையைவிட இப்போது சேட்டை கூடிவிட்டது என்று டீச்சரே சொல்கிறார்.

ஒப்படைக்கு இதைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன். தண்டனை நடத்தையைக் கொஞ்ச நேரம் அடக்குமே தவிர அழிக்காது என்கிறார் நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர். தண்டனை நடத்தையை உண்மையாகவே குறைக்கும் என்று இன்னொரு குறிப்பில் இருக்கிறது. "தண்டனை பலிக்கவில்லை, ஆகவே ஸ்கின்னர் சொன்னதே சரி" என்று முடிக்கலாமா? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

ஹட்டன் சேர்
அப்படி முடிக்க வேண்டாம் மகள். அந்தப் பையனுக்கு அங்கே தண்டனையே நடக்கவில்லை. உளவியலாளர்கள் அஸ்ரினும் ஹோல்ஸும் 1966இல் வைத்த வரையறைப்படி, பின்னால் வரும் விளைவு அந்த நடத்தையை இனிமேல் குறைத்தால்தான் அது தண்டனை. டீச்சர் என்ன எண்ணத்தில் வெளியே அனுப்பினார் என்பது கணக்கில் வராது. பையன் பெருக்கலிலிருந்து தப்புகிறான், அது எதிர்மறை மீளவலியுறுத்தல், அதாவது பிடிக்காதது நீங்குவதால் நடத்தை பலப்படுவது. அம்மாவையும் பார்த்துவிடுகிறான், அது நேர் மீளவலியுறுத்தல், அதாவது பிடித்தது கிடைப்பதால் பலப்படுவது. சேட்டை கூடாமல் என்ன செய்யும்?

1977இல் சோல்னிக், ரின்கோவர், பீட்டர்சன் மூவரும் இதே மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அடம்பிடித்த ஒரு சிறுமியைத் தனியே விட்டபோது அடம் கூடியது. இன்னொரு பையனுக்கு, உள்ளே இருக்கும் நேரத்தைச் சுவையாக்கிய பிறகுதான் வெளியேற்றம் வேலை செய்தது. உங்கள் ஒப்படைக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

உளவியல் படிப்பவன், பண்டாரவளை
சேர் சொன்னதோடு சேர்த்து, கோட்பாட்டுப் பகுதிக்கு. ஆய்வாளர்கள் கருத்தில் பிரிவது, தண்டனையால் நடத்தை குறையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்ற இடத்தில்தான்.

தோர்ண்டைக் 1911இல் வெகுமதி சூழலுக்கும் செயலுக்கும் உள்ள பிணைப்பைப் பலப்படுத்தும், துன்பம் பலவீனப்படுத்தும் என்று இரண்டையும் சமமாக வைத்தார். 1930களின் தொடக்கத்தில், "பிழை" என்று சொல்வதால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்று கண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டார். ஸ்கின்னரின் 1938 பரிசோதனையில், நெம்புகோலை அழுத்தினால் கிடைத்த உணவு நிறுத்தப்பட்ட பிறகும் அதை அழுத்திய எலிகளுக்கு முதல் பத்து நிமிடம் காலில் அடி விழுந்தது. அழுத்துவது சட்டென்று குறைந்தது. அப்புறம் மெல்ல மீண்டு, அடி வாங்காத எலிகள் அழுத்திய மொத்தத் தடவைகளை எட்டிவிட்டது. அடி லேசானது என்பதை மறக்காமல் எழுதுங்கள். அஸ்ரினும் ஹோல்ஸும் பேசியது புறாக்களுக்குக் கொடுத்த கடுமையான மின்னதிர்ச்சியைப் பற்றி. அங்கே அடக்கம் நீடித்தது. இரண்டு முடிவும் முரண்படுவதுபோலத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டின்ஸ்மூர் 1954இல், தண்டனை நடத்தையை நேரே தொடுவதில்லை என்றார். தப்பு செய்யப் போகும் அந்த நொடியே பயமூட்டுவதாக மாறிவிடுகிறது, அதிலிருந்து விலக்கும் வேறு எந்தச் செயலும் பலப்பட்டு இடத்தைப் பிடிக்கிறது. திட்டு வாங்கிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் கேட்காமல் இருப்பது இந்த வகை. 1969இல் ராக்லினும் ஹெர்ன்ஸ்டீனும் மறுபக்கம் நின்றார்கள்: வெகுமதி கூட்டுவதுபோல் தண்டனை நேரடியாகவே கழிக்கிறது, இடையில் தவிர்ப்புக் கதை தேவையில்லை.

பழைய ஆசிரியர், மஸ்கெலியா
எங்கள் காலத்தில் இரண்டு பிரம்படியோடு இது முடிந்திருக்கும். கடுமையாக இருந்தால் பலிக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஹட்டன் சேர்
அண்ணன், அது கூண்டில் இருந்த புறாவுக்கு. உடனடியாக, ஒவ்வொரு தடவையும், தப்ப வழியில்லாமல் கொடுத்தது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. பிரம்படி வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2005லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அதே அஸ்ரின், ஹோல்ஸ் இன்னொன்றும் சொல்கிறார்கள்: அதே பலனைத் தரும் வேறு வழி ஒன்று திறந்திருந்தால் தண்டனை இன்னும் நன்றாக வேலை செய்யும். அந்த வழி கிடைத்த பிறகு பிரம்புக்கு என்ன வேலை?

பயிற்சி ஆசிரியை, பத்தனை
நன்றி சேர், நன்றி அண்ணா. மற்றப் பாடங்களில் அவன் அமைதியாகத்தான் இருக்கிறான், இப்போதுதான் யோசிக்கிறேன். அடுத்த கிழமை என் பாடத்தில் என்ன செய்து பார்க்கலாம்?

ஹட்டன் சேர்
அப்படியென்றால் தப்பிக்கத்தான் செய்கிறான். ஆறாம், ஏழாம் வாய்ப்பாடு தெரிகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். தெரியாவிட்டால் கொத்தமல்லி விதையோ கூழாங்கல்லோ வைத்து, அவனால் முடிகிற மூன்று கணக்கு மட்டும் கொடுங்கள். முடித்ததும் கையை உயர்த்திக் கேட்டால் இரண்டு நிமிடம் வராந்தாவுக்குப் போய் வரலாம். சேட்டை செய்தால் வெளியே அனுப்பாமல் அதே மூன்று கணக்கோடு பக்கத்தில் இருங்கள். முதலில் சேட்டை இன்னும் கூடலாம், வழமையான பலன் நின்றால் அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம். தினமும் எத்தனை தடவை என்று குறித்து வையுங்கள், ஒப்படையில் அந்த வரைபு இருந்தால் நல்லது. வகுப்பு டீச்சரிடம் முதலில் கதைத்து, அவரும் இதையே செய்யச் சம்மதித்த பிறகு தொடங்குங்கள். ஒருவர் வெளியே அனுப்ப, மற்றவர் உள்ளே வைத்திருந்தால் பிள்ளை குழம்பிவிடுவான்.