எல்டர்ஃப்ளவர் சேர்த்த விஸ்கி காக்டெயில் திகட்டுது, பூ வாசமும் வரல

கேள்வி:
பர்பன் (மக்காச்சோளம் அதிகமாச் சேர்த்த அமெரிக்க விஸ்கி, 40% ஆல்கஹால்) 45 மிலி, எல்டர்ஃப்ளவர் லிக்கர் (எல்டர் பூ வாசம் உள்ள தித்திப்பு மது) 30 மிலி, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் (மசாலா வாசமுள்ள கசப்புச் சாறு) 3 உதறு. ஐஸ் போட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல கலக்கி வடிகட்டறேன். முதல் வாய் ஒரே தித்திப்பு, கொஞ்ச நேரத்துல தண்ணியா ஆயிடுது. பூ வாசம் தெரியவே இல்ல. லிக்கரைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில் 1:
கூட்டவே கூட்டாதீங்க, பாதியாக் குறைங்க. எலுமிச்சைச் சாறு இல்லாத காக்டெயில் இது. 30 மிலி லிக்கரோட சர்க்கரையை அடக்க அதுல எதுவுமே இல்ல. பூ வாசத்தை அமுக்கறது அங்கஸ்டுராவோட மசாலா நெடி. பர்பனோட வெனிலா வாசம் வேற தித்திப்பை இன்னும் தூக்கிக் காட்டும்.

இந்த அளவுல பண்ணிப் பாருங்க: ரை விஸ்கி (ரைங்கற தானியத்துல செய்யறது) 60 மிலி, லிக்கர் 15, ட்ரை வெர்மூத் (மூலிகை வாசமுள்ள, தித்திப்பு குறைஞ்ச ஒயின்) 15, ஆரஞ்சு பிட்டர்ஸ் 2 உதறு. ரையில ஆல்கஹால் 45 முதல் 50 சதவீதம் இருந்தா நல்லது. ஐஸ் கரைஞ்ச பிறகும் விஸ்கி நிக்கணும் இல்லையா.

பதில் 2:
பதில் 1-ல சொன்ன அளவு சரிதான், ஆனா தண்ணியாகறதுக்குக் காரணம் ஐஸ். வெளியில கிடந்து பளபளன்னு நனைஞ்ச ஐஸைப் போட்டா, அது மேல ஒட்டியிருக்கற தண்ணி அப்படியே உள்ள இறங்கும், அந்தத் தண்ணியால குளிர்ச்சியும் வராது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட, பெரிய கட்டியா, மது மட்டத்துக்கு மேல வர்ற அளவுக்குப் போடுங்க. கரண்டியோட முதுகு கிளாஸ் சுவரை ஒட்டியே சுத்தணும். ஐஸ் மொத்தமும் சத்தமில்லாம ஒண்ணாச் சுழலணும்.

சுமார் 30 விநாடி போதும். 20-லயே ஒரு சொட்டு ருசி பாருங்க. ஒரு தடவை வடிகட்டி அளந்துட்டா கை பழகிடும்: மேல சொன்ன 90 மிலி, 115 மிலி பக்கம் வந்து நிக்கணும். 125-ஐத் தாண்டினா நீர்த்துப்போச்சு. ஷேக்கர்ல குலுக்கிடாதீங்க, காத்து புகுந்து கலங்கிடும், அந்த வழவழப்பு போயிடும்.

குளிர்ல வாசம் அடங்கும். அதனால எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி இல்லாமச் சீவி, மஞ்சள் பக்கம் கீழ பார்க்க கிளாஸ் மேல மடிச்சுப் பிழியுங்க. எண்ணெய் மேல மினுமினுக்கும். பிழிஞ்ச தோலை உள்ள போட வேண்டாம், போகப்போகக் கசக்கும்.

கேட்டவர்:
ரை இல்ல, பர்பன் மட்டும்தான். வெர்மூத் பாட்டில் திறந்து பல மாசமா அலமாரியில இருக்கு.

பதில் 3:
அந்த வெர்மூத் வேண்டாம். அது ஒயின்தான், திறந்ததும் ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல தீர்த்துடணும், இல்லேன்னா வாசம் செத்துடும். புதுசு வாங்கற வரைக்கும் பர்பன் 60, லிக்கர் 10, ஆரஞ்சு பிட்டர்ஸ் 3 உதறு. 40% பர்பன்னா 20 விநாடிலயே நிறுத்திடுங்க.

எல்டர்ஃப்ளவரை மாத்தி வயலட் பூ லிக்கர் போடறதா இருந்தா 5 மிலி தாண்டாதீங்க, சோப்பு வாசம் அடிக்கும். புகை நெடி உள்ள ஸ்காட்ச்சுக்கு எல்டர்ஃப்ளவர், வயலட் ரெண்டுமே அவ்வளவா ஒத்துவராது.