டிஎம்506 வாங்கலாமா, பிஎக்ஸ்ஐ பக்கம் போகலாமா? வீட்டு லேபுக்கு யோசனை வேண்டும்

மூலைமேசை:
வணக்கம். ஒரு மேசைதான் என் லேப். பழைய ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்வதும், சொந்தமாக எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை பவர் சப்ளை) கட்டிப் பார்ப்பதும் வேலை. நான்கு சேனல் டிஜிட்டல் ஸ்கோப், ஒரு நல்ல கை மல்டிமீட்டர், சாதாரண பவர் சப்ளை கையில் இருக்கின்றன.

இப்போது இரண்டு செகண்ட்ஹேண்ட் செட் விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று டெக்ட்ரானிக்ஸ் டிஎம்506 மெயின்பிரேம், அதாவது பிளக்-இன் கருவிகளைச் செருகி ஓட்டும் ஆறு ஸ்லாட் பெட்டி. உள்ளே 502 மல்டிமீட்டர், டிசி503 கவுண்டர், எஃப்ஜி501 ஃபங்ஷன் ஜெனரேட்டர், பிஎஸ்503ஏ பவர் சப்ளை. இரண்டு ஸ்லாட் காலி. மற்றது எட்டு ஸ்லாட் பிஎக்ஸ்ஐ சேஸி (கணினி வழியாக ஓட்டும் அளவீட்டுக் கார்டுகளுக்கான பெட்டி), கண்ட்ரோலரோடு. ஒரு மல்டிமீட்டர் கார்டும் ஒரு டிஜிடைசர் கார்டும் (அலையை எண்களாக்கிக் கணினிக்குத் தருவது) இருக்கின்றன. இரண்டையும் வாங்க இடமும் இல்லை, பணமும் இல்லை. எதை எடுப்பது?

கம்பிச்சுருள்:
பதில் சொல்வதற்கு முன் நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். அந்த டிஎம்506-இல் இருக்கிற நாலில் உங்களிடம் இல்லாதது எது? 502 மல்டிமீட்டர் மூன்றரை டிஜிட். உங்கள் கை மீட்டரே அதைவிட மேலாக இருக்கும். எஃப்ஜி501 ஒரு மெகாஹெர்ட்ஸ் வரைதான். டிசி503 நூறு மெகாஹெர்ட்ஸ் எண்ணும். அந்த வேலையை உங்கள் ஸ்கோப்பே ஓரளவு செய்துவிடும். பிஎஸ்503ஏ மட்டும் தேறும். பிளஸ், மைனஸ் 20 வோல்ட் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுக்கு அருமை.

ஆக, நீங்கள் பணம் கொடுப்பது அந்த இரண்டு காலி ஸ்லாட்டுக்கு. அதில் என்ன போடப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

எஸ்எம்பிஎஸ் கட்டுகிறீர்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஏஎம்503 கரண்ட் ப்ரோப் ஆம்ப்ளிஃபயர், கூடவே ஏ6302 ப்ரோப். டிசியிலிருந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரை, தொடர்ந்து 20 ஆம்பியர். பிரைமரி பக்கம் ஒயரை அறுக்காமல், ஸ்கோப்பின் கிரவுண்டை ஆபத்தான இடத்தில் மாட்டாமல், இண்டக்டர் கரண்ட் ஏறுவதை அப்படியே பார்க்கலாம். கோர் சாச்சுரேட் ஆகும்போது (இண்டக்டரின் காந்தக் கோர் இனி தாங்காத நிலைக்கு வரும்போது) அந்தச் சாய்வுக்கோடு திடீரென மேலே வளையும். அதை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால் அப்புறம் ஷண்ட் ரெசிஸ்டர் வைத்து அளக்க மனசே வராது. இந்த வசதியைப் புதிதாகத் தனிப் பெட்டியாக வாங்கப் போனால் விலை எங்கேயோ நிற்கும். ஒன்று மட்டும்: இதன் அவுட்புட் 50 ஓம் டெர்மினேஷனில்தான் சரியாகப் படிக்கும். உங்கள் ஸ்கோப்பில் 50 ஓம் இன்புட் இல்லையென்றால் ஃபீட்-த்ரூ டெர்மினேட்டர் ஒன்று தனியாக வேண்டும்.

ஆடியோவுக்கு எஸ்ஜி505 ஆஸிலேட்டரும் ஏஏ501 டிஸ்டார்ஷன் அனலைசரும் ஜோடி. சாதாரண டிடிஎஸ் (டிஜிட்டலாக அலை உண்டாக்கும்) ஜெனரேட்டரின் திரிபே நல்ல ஆம்ப்ளிஃபயரின் திரிபைவிட அதிகம் என்பதால் அதை வைத்து அளந்து பயனில்லை. ஏஏ501 உள்ளே வரும் அலையின் அளவையும் அதிர்வெண்ணையும் தானே பிடித்துக்கொள்ளும், நீங்கள் ட்யூன் செய்து உட்கார வேண்டாம்.

இப்படிச் செருகி மாற்றும் மாடுலர் கருவி வாங்குவது இப்படிப்பட்ட சரக்குக்குத்தான். சாதாரண மல்டிமீட்டரும் ஜெனரேட்டரும் வேண்டுமென்றால் மெயின்பிரேமே வேண்டாம்.

மாதிரிவீதம்:
கம்பிச்சுருள் அண்ணா டெக்ட்ரானிக்ஸ் பக்தர், அதைத் தள்ளுபடி செய்துவிட்டுப் படியுங்கள் 🙂

ஆடியோதான் முக்கியம் என்றால் பிஎக்ஸ்ஐ-4461 என்று ஒரு கார்டு இருக்கிறது. 24 பிட், 204.8 கிலோசாம்பிள், இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. டிஸ்டார்ஷன் எவ்வளவு என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல் எந்த ஹார்மோனிக் எவ்வளவு, மெயின்ஸ் ஹம் எவ்வளவு என்று முழு ஸ்பெக்ட்ரமும் கிடைக்கும். உங்கள் சேஸியில் இருக்கும் டிஜிடைசர் 5122-ஆக இருந்தால் அது 14 பிட், நொடிக்கு 100 மெகாசாம்பிள். எட்டு பிட் ஸ்கோப்பில் தெரியாத ரிப்பிள் அதில் தெரியும். எல்லாக் கார்டுக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக், ஒரே ட்ரிகர் பஸ். ஆனால் எந்தக் கார்டு என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

வம்பு எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கண்ட்ரோலர். உள்ளேயே கணினி வைத்த கண்ட்ரோலர் என்றால் அது எந்தக் காலத்து விண்டோஸ் ஓட்டுகிறது என்று பாருங்கள். எம்எக்ஸ்ஐ இணைப்பு (வெளியே உள்ள கணினியோடு கேபிளில் இணைப்பது) என்றால் சேஸியை முதலில் ஆன் செய்து, பிறகுதான் கணினியை பூட் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் கார்டே தெரியாது, கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அடுத்து ஸ்லாட். பிஎக்ஸ்ஐ வந்தது 1997-இல், அதன் அடுத்த தலைமுறையான பிஎக்ஸ்ஐ எக்ஸ்பிரஸ் 2005-இல். எக்ஸ்பிரஸ் சேஸியின் ஹைப்ரிட் ஸ்லாட்டில் (இரண்டு வகைக் கார்டுக்கும் பொதுவானது), பின்பக்க இரண்டாவது கனெக்டர் முழு நீளத்தில் உள்ள பழைய கார்டு ஏறாது. கடைசியாக, விசிறிச் சத்தம். ஒரே அறையில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் கேட்கிறவருக்கு அது பெரிய தொல்லை.

மூலைமேசை:
இருவருக்கும் நன்றி. மல்டிமீட்டர் கார்டு 4065. டிஜிடைசரின் எண் புகைப்படத்தில் தெரியவில்லை, கேட்டால் பதிலும் வரவில்லை. மனம் டிஎம்506 பக்கம் சாய்கிறது. நேரில் போனால் எதைச் சோதிக்க வேண்டும்?

கம்பிச்சுருள்:
பக்தன் என்று ஒப்புக்கொள்கிறேன். பக்திக்குக் காரணம் சர்வீஸ் மேனுவல். டிஎம்506 சேர்ந்த டிஎம்500 வரிசைக்கு முழு சர்க்யூட் வரைபடத்தோடு டெக்விக்கி இணையதளத்தில் கிடைக்கிறது. பிஎக்ஸ்ஐ கார்டு போய்விட்டால் வரைபடம் தேடி எங்கே போவீர்கள்?

சோதனைக்கு வருவோம். டிஎம்500 மெயின்பிரேமில் ரெகுலேட்டர் கிடையாது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ட்ரான்ஸ்பார்மர் வைண்டிங், ரெகுலேட் செய்யாத டிசி, அத்தோடு ஒரு என்பிஎன், ஒரு பிஎன்பி பவர் ட்ரான்சிஸ்டர், அவ்வளவுதான். பிளக்-இன் தன் ரெகுலேட்டருக்கு இந்த ட்ரான்சிஸ்டரைக் கடன் வாங்குகிறது. அதனால் பிளக்-இன் செத்த மாதிரி தெரிந்தால், கெட்டது ஸ்லாட்டாகவும் இருக்கலாம். நன்றாக ஓடுகிற ஒன்றை எடுத்து ஆறு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மெயின்பிரேமை ஆஃப் செய்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். விற்கிறவர் ‘பரவாயில்லை சார்’ என்பார், கேட்காதீர்கள்.

ஆன் செய்வதற்கு முன் மெயின் வோல்டேஜ் எதற்கு அமைத்திருக்கிறது என்று உள்ளே பார்த்துவிடுங்கள். பெட்டி பல வருஷம் சும்மா கிடந்திருந்தால் சீரிஸ் பல்ப் (மெயின் லைனில் தொடராக ஒரு குண்டு பல்ப்) போட்டு ஏற்றுங்கள். இது ட்ரான்ஸ்பார்மர் சப்ளை என்பதால் அந்த முறை பொருந்தும்; பிஎக்ஸ்ஐ சேஸியில் அதைச் செய்யாதீர்கள், அது ஸ்விட்சிங் சப்ளை, பல்ப் வழியே வோல்டேஜ் தொய்ந்தால் தடுமாறும். பல்ப் பிரகாசமாகவே நின்றால் ஏதோ ஷார்ட். பிளக்-இன்களுக்குள் இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்கள் இந்தக் காலத்துப் பெட்டிகளில் அடிக்கடி ஷார்ட் ஆகிறவை, முதலில் அவற்றைச் சந்தேகப்படுங்கள். எட்ஜ் கனெக்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே பாதி ‘கோளாறு’ போய்விடும்.

ஏஎம்503 பிறகு வாங்கும்போது ப்ரோப்பைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து ஃபெரைட் முகங்களில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த ப்ரோப்பில் இதுதான் போகும். டீகாஸ் செய்தபின் (ப்ரோப்பில் தங்கிய காந்தத்தை நீக்கியபின்) கோடு பூஜ்யத்துக்கு வராமல் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து வந்த டிஎம்5000 வரிசை பிளக்-இன் மலிவாக வந்தாலும் எடுக்காதீர்கள். டிஎம்500 பிளக்-இன் டிஎம்5000 மெயின்பிரேமில் ஓடும், தலைகீழாக ஓடாது.

தெர்மோகப்பிள்:
குறுக்கே ஒரு வார்த்தை. ஆம்ப்ளிஃபயர் சோக் டெஸ்ட் (பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்ப்பது), ஹீட்சிங்க் சூடு என்று பல இடங்களை ஒரே நேரத்தில் அளக்க வேண்டிய நாள் வரும். அதற்கு ஏஜிலென்ட் 34970ஏ, பல சேனல் அளந்து பதியும் பெட்டி. மூன்று ஸ்லாட், 34901ஏ கார்டு ஒன்றுக்கு இருபது சேனல், தெர்மோகப்பிளை நேராகத் திருகி மாட்டலாம். வாங்கும்போது உள்ளே மல்டிமீட்டர் போர்டு இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமலும் விற்றிருக்கிறார்கள். ரிலே எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதைக் கார்டே எண்ணி வைத்திருக்கும், படித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மூலைமேசை:
அது அடுத்த வருஷக் கதை :) டிஎம்506 எடுப்பது என்று முடிவு. ஏஎம்503, எஸ்ஜி505, ஏஏ501 மூன்றும் இரண்டு காலி ஸ்லாட்டில் எப்படி அடங்கும்?

கம்பிச்சுருள்:
502-ஐயும் எஃப்ஜி501-ஐயும் கழற்றி விற்றுவிடுங்கள். ஏஏ501 இரண்டு ஸ்லாட் அகலம், மற்றவை ஒன்று ஒன்று. பிஎஸ்503ஏ, கவுண்டரோடு சேர்த்து ஆறும் நிரம்பிவிடும். பிஎஸ்503ஏ-ஐ மட்டும் அதிகக் கரண்ட் தரும் ஸ்லாட்டில் போடுங்கள், எது என்று மேனுவலில் இருக்கும். அங்கே ஒரு ஆம்பியர் கொடுக்கும், மற்ற ஸ்லாட்டில் 400 மில்லிஆம்பியர்தான்.