லெந்து நாட்களில் தியானக் குறிப்பேடு: 12 பெண்களோடு எப்படித் தொடங்குவது?

லிங்கராஜபுரம்_பெசி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் 12 பேர் சேர்ந்து வருகிற லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின 40 நாள் தவக்காலம்) தியானக் குறிப்பேடு எழுதுவதாக முடிவாகியிருக்கிறது. ஞாயிறு செய்திக்குக் குறிப்பு எடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. ஜெபக் குறிப்புகளைப் பட்டியல் போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வசனத்தின் முன்னே உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் பார்ப்பது பெரும்பாலோருக்குப் புதிது.

கேள்விகள்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த வேதபகுதி, பக்கத்தில் என்னதான் எழுதுவது? பாதிப் பேர் பெங்களூரிலேயே படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஓரளவு வாசிப்பார்கள், எழுத வராது. அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? கூட்டத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லலாமா?

அல்சூர்_ரூத்

பெசி அக்கா, முதலில் 'தியானம்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். லூக்கா 2:19-ல் மரியாள் "அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்" என்று இருக்கிறது. அந்தச் 'சிந்தனை'க்கு கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் சும்பல்லோ. நேர்ப்பொருள், ஒன்றோடொன்று சேர்த்துப் போடுதல். மேய்ப்பர் சொன்னது, தூதன் சொன்னது, கண்முன் கிடக்கிற முன்னணை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். நீங்கள் செய்யப்போவதும் இதுதான். ஒரு பக்கம் வசனம், ஒரு பக்கம் நேற்று நடந்த ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுக் காத்திருப்பது. வசனத்துக்கு விளக்கவுரை எழுதுவது வேறு வேலை.

20 நிமிடம் போதும். கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு அதைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். முதல் 5 நிமிடம் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும், இரண்டாவது முறை வாய்விட்டு. அடுத்த 2 நிமிடத்தில் தட்டுப்பட்ட ஒரு சொல்லை அல்லது வரியை மட்டும் மேலே எழுதுங்கள். முழு வசனத்தையும் பார்த்து எழுத ஆரம்பித்தால் அதிலேயே நேரம் போய்விடும், கை மட்டும் வேலை செய்யும். அடுத்த 10 நிமிடம் அந்தச் சொல்லுக்குக் கீழே, கடந்த 24 மணி நேரத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவம். யார் என்ன சொன்னார்கள், எந்த இடம், உடம்பில் என்ன தோன்றியது. "மனது கஷ்டமாக இருந்தது" என்று எழுதினால் அது எங்கும் கொண்டுபோகாது. "குக்கர் மூடியைப் போடும்போது கை நடுங்கியது" என்று எழுதினால் அடுத்த வரி தானாக வரும். கடைசி 3 நிமிடம் ஆண்டவரிடம் நேராக இரண்டு மூன்று வாக்கியம். அலாரம் அடித்தால் பாதி வாக்கியமானாலும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் அந்த இடத்திலிருந்து தொடங்குவது சுலபம்.

பக்கத்தின் வலது ஓரத்தில் மூன்று விரல் அகலம் காலியாக விடச் சொல்லுங்கள். அது மறுவாசிப்புக்கு. லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை மொத்தம் 46 நாள். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. அந்த 40 நாளும் எழுத்து, 6 ஞாயிறும் எழுத்து கிடையாது, வாசிப்பு மட்டும். அந்த வாரப் பக்கங்களைப் பென்சிலோடு வாசித்து, திரும்பத் திரும்ப வருகிற ஒரு பெயர், ஒரு பயம், ஒரு நன்றி எதுவானாலும் ஓரத்தில் குறிக்க வேண்டும். இந்தப் பாதி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அன்றன்றைக்குத் தெரியாத ஒன்று ஆறு பக்கத்தைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் தெரியும்.

வேதபகுதிக்கு, சபையின் பழைய வழக்கத்தில் மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று ஏழு உண்டு: 6, 32, 38, 51, 102, 130, 143. லெந்துவும் சரியாக ஏழு துண்டாகத்தான் விழுகிறது. சாம்பல் புதன் முதல் சனி வரை 4 நாள், பிறகு 6 வாரம். முதல் 4 நாளுக்கு 130-ஐ எடுத்துக்கொள்ளலாம். 8 வசனம், நாளைக்கு 2. மற்ற ஆறையும் வாரத்துக்கு ஒன்றாக வரிசைப்படி வையுங்கள். 102-ல் 28 வசனம் இருக்கிறது, அந்த வாரம் நாளைக்கு நாலைந்து வசனமாகப் பிரிக்க வேண்டிவரும்.

இன்னொன்று, இது தமிழில் எழுதும்போது நமக்கு வருகிற சிக்கல். பேனாவை எடுத்ததும் ஜெபக்கூட்டத் தமிழ் வந்துவிடும். "மகத்துவமும் மகிமையும் நிறைந்த பரம தகப்பனே, ஏழை அடியாளை ஏறெடுத்துப் பாரும்" என்று ஆரம்பித்தால் அரைப் பக்கம் ஓடும், அதில் எழுதுகிறவள் இருக்கமாட்டாள். 'நீர்' என்கிற மரியாதையை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் பேசுகிற பேச்சில் இருக்கட்டும். அதேபோல் 'நாம்' வந்தால் அடித்துவிட்டு 'நான்' போடச் சொல்லுங்கள். "நாம் மன்னிக்க வேண்டும்" என்பது பிரசங்கம். "நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை" என்பதுதான் குறிப்பேடு.

விவேக்நகர்_லூர்து

ரூத் சொன்னது காலையில் 20 நிமிடம் கிடைப்பவர்களுக்கு. காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மூன்றாம் நாளே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குக் கத்தோலிக்க மரபில் ஒரு வழி இருக்கிறது, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூல் 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சானது. அதில் வருகிற ஆன்மச் சோதனைக்கு ஐந்து படி: நன்றி சொல்வது, உள்ளதை உள்ளபடி பார்க்க ஒளி கேட்பது, காலையிலிருந்து மணிவாரியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். படிக்கு ஒரு வரி வீதம் ஐந்தே வரி எழுதினால் போதும். மெட்ரோவில் இடம் கிடைத்தால் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படியில்தான் பலரும் சறுக்குவார்கள். 'இன்று எப்படி இருந்தது' என்று மொத்தமாகக் கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் பதில் வரும். எழுந்தது முதல் டிபன் வரை, டிபன் முதல் மதியச் சாப்பாடு வரை என்று துண்டு போட்டுக் கேட்க வேண்டும்.

அதே நூலில் ஒரே ஒரு குறையைப் பிடித்துத் திருத்துவதற்குத் தனிச் சோதனை என்றும் ஒன்று உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளைக்கு இரண்டு கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, அந்தக் குறையில் எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி கோட்டின் மேல். பிறகு கோட்டோடு கோட்டையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிடுவது. எழுதவே வராதவர்கள்கூடச் செய்யலாம். பிள்ளைகள் மேல் எரிந்துவிழுவது போன்ற எண்ணக்கூடிய ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'பெருமை' என்று எடுத்தால் எதை எண்ணுவது?

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே தன்னைத்தானே குற்றப்படுத்திக்கொண்டே இருக்கிற சுபாவம் உள்ளவருக்கு இந்தப் புள்ளிக் கணக்கு வேண்டாம். அவர் முதல் படியான நன்றியை மட்டும் ஒரு மாதம் எழுதட்டும்.

அவென்யூ_ரோடு_வாசகி

நோட்டு பற்றி மட்டும். 12 பேருக்கும் சேர்த்து வாங்குவதானால் அவென்யூ ரோட்டில் மொத்த விலையில் கிடைக்கும். 200 பக்க கோடு போட்ட நோட்டு போதும். 70 அல்லது 80 ஜிஎஸ்எம் தாள் பாருங்கள். அதற்குக் குறைந்தால் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும். விலை உயர்ந்த தோல் அட்டை வேண்டாம். அழகான நோட்டில் அசிங்கமான உண்மையை எழுதக் கை வராது. ஸ்டிக்கர், கலர் பேனாவும் இந்த 40 நாளுக்கு வேண்டாம், பக்கத்தை அலங்கரிப்பதிலேயே 20 நிமிடம் தீர்ந்துவிடும். வேதாகமத்திலேயே அடிக்கோடிடுபவர்கள் பென்சில் அல்லது பால்பாயிண்ட் பேனா மட்டும் பயன்படுத்தட்டும். அந்த மெல்லிய தாளில் ஜெல் மை ஊறிவிடும்.

லிங்கராஜபுரம்_பெசி

ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தினமும் ஒரே குறையை, உதாரணமாக மாமியார் மேலுள்ள வருத்தத்தையே திரும்பத் திரும்ப எழுதினால் என்ன செய்வது? அப்புறம், கூட்டுக் குடும்பத்தில் நோட்டை யாராவது எடுத்து வாசித்துவிடுவார்கள் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

கம்மனஹள்ளி_எஸ்தர்

பெசி, ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது தப்பில்லை. சங்கீதம் 13-ல் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. ஆனால் மூன்றாம் வசனத்தில் புலம்பல் கோரிக்கையாகிறது: "என் கண்களைத் தெளிவாக்கும்." ஐந்தாம் வசனத்தில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வருகிறது. ஆறு வசனம், மூன்று கட்டம். உங்கள் பெண்கள் முதல் கட்டத்திலேயே நின்றுபோகிறார்களா என்று பாருங்கள். ஒரே வருத்தம் மூன்றாம் நாளும் வந்தால், அன்று சம்பவத்தை எழுதாமல் "ஆண்டவரே, இதில் எனக்கு வேண்டியது..." என்று தொடங்கி 10 நிமிடமும் அதையே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதலில் வருவது 'அவர் மாற வேண்டும்'. நாலாவது ஐந்தாவது வரியில்தான் 'எனக்கு ஒரு மரியாதை வேண்டும்', 'நான் களைத்துப்போனேன்' என்பது வெளியே வரும். ஐந்தாம் வசனத்தை அவசரப்பட்டு எழுதவைக்காதீர்கள். சங்கீதம் 88 கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும் மனது இன்னும் பாரமாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். 1986-ல் பென்னபேக்கர், பீல் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை நான்கு நாள், நாளைக்கு 15 நிமிடம், மனதைக் காயப்படுத்திய சம்பவத்தைப் பற்றி எழுதவைத்தார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய உடனே சோர்வாக இருந்தார்கள், ஆனால் பிந்தைய மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆகவே கனமான விஷயத்தைப் படுக்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம். எழுதிய பிறகு செய்ய ஒரு கைவேலை இருப்பது நல்லது.

இன்னொரு தவறு ஆழமானது. "மகளே, நீ அந்த வேலையை விட்டுவிடு" என்று ஆண்டவர் பேசுவதுபோல எழுதுவது. அப்படி எழுதியது அவளுடைய ஆசையாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். எழுதிய பிறகு அதைச் சோதிப்பது கஷ்டம், 'ஆண்டவரே சொன்னார்' ஆகிவிடுகிறது. ஆண்டவருடைய வார்த்தை வேண்டிய இடத்தில் வசனத்தை அப்படியே எழுதட்டும். தன் எண்ணத்தை 'எனக்குத் தோன்றுவது' என்று எழுதட்டும்.

அடி, மிரட்டல் பற்றி யாராவது எழுதினால் குறிப்பேடு அதற்கு மருந்து இல்லை. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று எழுதினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்களை முதல் கூட்டத்திலேயே எல்லோர் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதவைத்துவிடுங்கள். அப்போது யாரையும் தனியாகச் சுட்டியதாகாது.

கூட்டத்தில் நோட்டை வாசிக்கச் சொல்ல வேண்டாம். மறுவாசிப்பில் ஓரத்தில் குறித்த ஒரு சொல்லை மட்டும், விருப்பமிருந்தால், சொல்லலாம். ஆளுக்கு 2 நிமிடம். கேட்கிறவர்கள் ஆலோசனை சொல்லக் கூடாது, "நான் உனக்காக ஜெபிக்கிறேன்" என்றுகூட அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம், அடுத்தவர் பேசட்டும். 12 பேர் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே சபையில் இருந்தால் ஒரே குழுவில் போடாதீர்கள்.

தமிழ் எழுத வராதவர்கள் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும், ஆங்கில எழுத்தில் தமிழானாலும் கன்னட எழுத்தில் தமிழானாலும் சரி. கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவாளோ அந்த மொழி, அதுதான் கணக்கு. கைப்பேசியில் தமிழ்க் குரல் தட்டச்சும் உண்டு, ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாத இடம் வேண்டும். அது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டை யாராவது வாசிப்பார்கள் என்ற பயம் உள்ளவர்களுக்குக் கட்டுப்போட்ட நோட்டே வேண்டாம், தனித் தாள் கொடுங்கள். பெயருக்குப் பதிலாக ஒரு எழுத்து. ஞாயிறு மறுவாசிப்பில் ஓரக் குறிப்பை மட்டும் ஒரு சின்ன டைரிக்கு மாற்றிவிட்டு அந்த ஆறு தாளையும் கிழித்துவிடலாம். டைரியில் "களைப்பு, 130:5, காத்திருக்கிறேன்" என்று மட்டும் இருக்கும். யார் எடுத்து வாசித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, அவளுக்கு எல்லாம் புரியும்.

லிங்கராஜபுரம்_பெசி

தனித் தாள் யோசனை எங்களுக்குச் சரியாக இருக்கும். நோட்டு 8, தாள் கட்டு 4 என்று வாங்கிவிடுகிறேன்.