மாடித் தோட்டத்துக்குக் கடற்பாசிச் சாறு: அளவு என்ன?

கேள்வி (அல்சூர், பெங்களூரு): பைகளில் உள்ள தக்காளி, மிளகாய்க்கு லிட்டருக்கு 10 மில்லி தெளித்ததில் இலை ஓரம் கருகுகிறது. அசுவினிப் பூச்சியும் போகவில்லை. என்ன தவறு?

பதில் 1: அடர் திரவத்துக்கு 10 மில்லி ரொம்ப அதிகம் சார். லிட்டருக்கு 2 மில்லி போதும், 15 நாளுக்கு ஒருமுறை. பாசியில் பொட்டாசியமும் உப்பும் நிறைய இருக்கும். வெயிலில் நீர் ஆவியானதும் உப்பு இலை ஓரத்தில் தங்கிக் கருக்கிவிடும். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம், மழைநீர் நல்லது.

பதில் 2: இது பூச்சிமருந்து இல்லைங்க. இதிலுள்ள சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் துளிரையும் வேரையும் தூண்டும், அசுவினியைக் கொல்லாது. அதற்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி சோப்புக் கரைசல் விட்டுப் பால்போல் ஆகும்வரை கலக்கி, பிறகு 1 லிட்டர் தண்ணீர் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைச் சுட்டுவிடும். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான்.

பதில் 3: தழைச்சத்து (நைட்ரஜன்) இதில் மிகக் குறைவு. மண்புழு உரத்தை நிறுத்திவிடாதீர்கள்.