மூடியை மூடிய பிறகும் உறங்காத கணினி: புதிய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய அனுபவங்கள்

கருங்குயில்

பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்தபோது அதன் அடிப்பகுதி சுட்டது. பையின் உட்புறத் துணிகூடச் சூடேறியிருந்தது. மூடியை மூடி ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. மூடும்போது 91 விழுக்காடு இருந்த பேட்டரி 12-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது என்றே சொல்வேன். நிறுவிய நாளில் வைஃபை, ஒலி, திரை வெளிச்சம், டச்பேட் எல்லாம் முதல் முயற்சியிலேயே வேலை செய்தன. உறக்கத்தைச் சோதித்தபோது மட்டும், மூடினால் திரை அணைகிறது, திறந்தால் மீண்டும் வருகிறது என்பதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

லினக்ஸின் மைய நிரலான கெர்னல் எழுதிவைக்கும் பதிவில் பிழை எதுவும் இல்லை. உறக்கத்துக்குள் போனதற்கு ஒரு வரி, வெளியே வந்ததற்கு ஒரு வரி, அவ்வளவுதான். உறக்க முறைகளைக் காட்டும் மெம்_ஸ்லீப் கோப்பைத் திறந்தால் அதில் எஸ்2ஐடில் என்ற ஒரே சொல் இருந்தது. பழைய கணினிகளில் அதன் பக்கத்தில் நிற்கும் டீப் என்ற சொல் இல்லை. டீப் குறிக்கும் பழைய எஸ்3 உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரத்தை விட்டுவைத்து, ஏனைய உறுப்புகளை அணைக்கும் வேலையை, வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர் பார்த்துக்கொண்டது. எஸ்2ஐடிலில் அந்தப் பொறுப்பு கெர்னலின் தலையிலும், அந்தந்த உறுப்பை இயக்கும் நிரலான ஒவ்வொரு டிரைவரின் தலையிலும் விழுகிறது. ஏதாவது ஓர் உறுப்பு விழித்திருந்தாலும் ப்ராசஸர் ஆழ்ந்த நிலைக்கு இறங்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனெனில் இரண்டிலும் திரை அணைந்துதான் இருக்கிறது.

இன்டெல் ப்ராசஸர் உள்ள கணினிகளில், ஆழ்ந்த நிலையில் கழிந்த நேரத்தை மைக்ரோ விநாடிகளில் எண்ணிவைக்கும் கோப்பு ஒன்று சிபியுஐடில் அடைவுக்குள் உண்டு. பத்து நிமிடம் உறங்க வைத்து எழுப்பி, அதைப் பார்த்தேன். சுழி. வாங்கிய நாளிலிருந்து என் கணினி ஒரு விநாடிகூட உறங்கியதில்லை. மூன்று இரவுகள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. கணினியின் தொடக்க அமைப்புகள் உள்ள பயாஸில், வட்டு ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகக் கையாளும்) முறையில் வைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் வட்டுக்குப் போகும் இணைப்பில் மின்சேமிப்பு இயக்கப்படவேயில்லை. நேரடி முறைக்கு மாற்றினேன். அடுத்த சோதனையில் அந்த எண் பத்து நிமிடத்துக்கு நெருக்கமாக ஏறியிருந்தது. அன்றிரவு முழுவதும் மூடி வைத்ததில் 6 விழுக்காடு மட்டுமே குறைந்தது.

நிலாமுற்றம்

கருங்குயில் அவர்கள் ஒரே வரியில் சொல்லிச் சென்ற அந்த மாற்றத்தை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன். செய்தது என் அக்காவின் கணினியில்.

லினக்ஸின் நிறுவல் நிரல், வட்டின் முறையை மாற்றுமாறு அறிவித்துவிட்டு மேற்கொண்டு செல்ல மறுத்தது. மாற்றினேன். பயாஸுக்குள் போன கையோடு, கையொப்பமில்லாத மென்பொருள் தொடங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிட்டேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு, விண்டோஸ் நலமாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என மறுதொடக்கம் செய்தேன். நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "இது என்ன எண்?" என்று கேட்டார். தன் வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருடைய ஆய்வேட்டின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் அந்த வட்டில் மட்டுமே இருந்தன.

மூன்று மணி நேரம் கழித்து, அவர் மறந்தே போயிருந்த பழைய மின்னஞ்சல் முகவரியோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி கிடைத்தது. அந்த மூன்று மணி நேரமும் அக்கா ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ரெய்டு முறையிலிருந்து மாற்ற விரும்புகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விண்டோஸ் அதே வட்டில் இருக்குமானால், முதலில் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி எடுத்துவையுங்கள், பிட்லாக்கரை நிறுத்திவையுங்கள், விண்டோஸ் அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் இயங்கும் முறையில்) தொடங்குமாறு அமைத்துவிட்டு, அதன் பிறகே பயாஸில் கை வையுங்கள். சேஃப் மோடில் ஒரு முறை தொடங்கிவிட்டால், புதிய முறைக்குரிய வட்டு டிரைவரை விண்டோஸ் தானாகவே ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கிவிடலாம்.

ஆற்றுமணல்

கருங்குயில் தேவையின்றி மூன்று இரவுகளைச் செலவிட்டிருக்கிறார். கெர்னல் தொடக்க வரியில் உறக்க முறையை டீப் என்று அமைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என் கணினியில் அப்படித்தான் செய்தேன். நான்கு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை.

கருங்குயில்

ஆற்றுமணல் அவர்களுக்கு: நானும் முதல் இரவில் அதைத்தான் செய்தேன். அந்தக் கட்டளை, ஃபர்ம்வேர் எஸ்3-ஐ வழங்கும் கணினிகளில் மட்டுமே பயன்படும். மெம்_ஸ்லீப் கோப்பில் டீப் இல்லையென்றால் தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் இல்லை. கெர்னல் அந்த வரியைப் படித்துவிட்டு எஸ்2ஐடிலிலேயே தொடரும். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் கணினியில் இரண்டும் இருந்திருக்கும். சில மாதிரிகளில் பயாஸுக்குள்ளேயே எஸ்3-ஐத் திரும்பக் கொண்டுவரும் தேர்வு உண்டு. என்னுடையதில் பக்கம் பக்கமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

தறிநாடா

உறக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் மனத்தில் நிற்பது ஒரு சிறிய ஓசை.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவியிருந்தேன். வைஃபை வரவில்லை. சாதனப் பட்டியலில் அட்டை தெரிகிறது, ஆனால் எந்த டிரைவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்தவர் என்று நான் மதித்த ஒருவரிடம் கேட்டேன். அட்டை பழுதாக இருக்கலாம், அல்லது சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள் என்றார். அடிமூடியைத் திறந்தேன். அட்டையின் மீது பொத்தான்போலப் பதிந்திருக்கும் ஆண்டெனாக் கம்பியின் முனையை நகத்தால் நெம்பியபோது மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. முனை என் விரலில் இருந்தது. அதன் வளையம் அட்டையிலேயே தங்கிவிட்டது.

அட்டையில் பழுதே இல்லை. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூனில். அதன் கெர்னலான 6.1 பிறந்ததோ 2022 டிசம்பரில். என் அட்டையிலிருந்த வைஃபை 7 சிப்புக்கான டிரைவர் 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. பிறக்காத டிரைவரை எதிர்பார்த்து, நல்ல நிலையிலிருந்த வன்பொருளை உடைத்திருக்கிறேன். பிறகு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்து, நிலையான பதிப்புக்குப் புதிய மென்பொருளை வழங்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலையும் ஃபர்ம்வேர் பொதியையும் இறக்கினேன். மறுதொடக்கம் செய்ததும் வைஃபைப் பட்டியல் வந்தது. ஒற்றை ஆண்டெனாவோடு இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது; பக்கத்து அறைக்குப் போனால் வேகம் பாதியாகிறது.

ஆற்றுமணல்

கருங்குயிலின் விளக்கத்தை ஏற்கிறேன். என் கணினியில் இப்போது பார்த்தேன், இரண்டு சொற்களும் இருக்கின்றன. ஆனால் தறிநாடா டெபியனைக் குறை கூறுவதுபோல் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. நிலையான பதிப்பு என்றால் கெர்னலை ஓரிடத்தில் நிறுத்திப் பிழைகளை மட்டும் திருத்துவது என்று பொருள். அதை நம்பித்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தறிநாடா

நான் டெபியனைக் குறை கூறவில்லை. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். சிப் பிறந்த தேதியையும் கெர்னல் பிறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் அன்று சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெண்கலமணி

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை ஆர்கா என்ற மென்பொருள் வாசித்துக் காட்டக் கேட்டுத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். ஆகவே ஒலி வேலை செய்யவில்லை என்று பிறர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. ஒலி இல்லாத கணினி எனக்கு ஒரு தட்டையான பெட்டி.

புதிய மடிக்கணினியில் நிறுவல் யூஎஸ்பியைச் செருகி, பேச்சு நிறுவியைத் தொடங்கும் விசையை அழுத்தினேன். அமைதி. மீண்டும் தொடங்கினேன். அதே அமைதி. பெட்டி இயங்குகிறதா, எந்தப் பக்கத்தில் நிற்கிறது, என் விசை எதையாவது அழித்துவிட்டதா என்று எதுவும் தெரியாமல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இறுதியில் நண்பர் ஒருவரைக் காணொளி அழைப்பில் அழைத்துக் கைப்பேசியின் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். அவருக்கு லினக்ஸ் தெரியாது. கெர்னல் பதிவை எழுத்து எழுத்தாகப் படித்தார். எஸ், ஓ, எஃப் என்று அவர் உச்சரித்த கணத்தில் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கையாள்வது தனியானதொரு செயலி. அதனுள் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற நிரல் ஏற்றப்பட்டால்தான் அது பேசும். நான் தயாரித்திருந்த நிறுவியில் அந்தக் கோப்புகள் இல்லை. அதைச் சேர்ப்பதற்கும் எனக்குப் பேச்சு வேண்டும். வழி காட்டியது மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய யூஎஸ்பி ஹெட்போன். யூஎஸ்பி ஒலிச் சாதனங்கள் பொதுவான தரம் ஒன்றைப் பின்பற்றுபவை. கெர்னலில் உள்ள ஒரே டிரைவர் அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கிவிடும், தனி ஃபர்ம்வேர் தேவையில்லை. அதைச் செருகி மறுபடி தொடங்கியதும் குரல் வந்தது. நண்பரும் அதைக் கைப்பேசி வழியே கேட்டார்.

பனையோலை

என் அனுபவம் சிறியது. கைரேகை உணரி இன்றுவரை வேலை செய்யவில்லை. அதற்கு டிரைவரே இல்லை. வாங்குவதற்கு முன் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் ஒவ்வொரு முறை கடவுச்சொல்லை உள்ளிடும்போதும் வருகிறது.

அதனால் இதைச் சொல்கிறேன். வட்டில் எதையும் அழிப்பதற்கு முன், கிடைப்பவற்றில் மிகப் புதிய கெர்னல் உள்ள, நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் யூஎஸ்பி ஒன்றில் கணினியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதலில் கேமரா. பல ஆண்டுகளாக மடிக்கணினிக் கேமராக்கள் உள்ளே யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருந்ததால் யாரும் அவற்றைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. இப்போது சில மாதிரிகளில் அவை படச் செயலியோடு நேரடியாக இணைக்கப்படுகின்றன, அவற்றுக்குத் தனி டிரைவரும் லிப்கேமரா என்ற கேமரா மென்பொருளும் வேண்டும். அடுத்து ஸ்பீக்கர். ஒலி வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். தாழ்ந்த ஒலி வருகிறதா என்று கேளுங்கள். நான்கு ஸ்பீக்கர் உள்ள கணினிகளில் பெருக்கிச் சிப் இயங்காவிட்டால் இரண்டு மட்டும் ஒலித்து, தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். வெளித்திரை ஒன்றை யூஎஸ்பி-சி வழியாக இணைத்துப் பாருங்கள். பிறகு உறக்கம்: கருங்குயில் சொன்னது இன்டெலுக்கு, இன்றைய கெர்னல்களில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் என்னும் கோப்பு இருக்கிறது, ஏஎம்டி கணினி வைத்திருப்போரும் கடைசி உறக்கத்தில் வன்பொருள் உண்மையில் எவ்வளவு நேரம் உறங்கியது என்பதை அதில் காணலாம். லினக்ஸ் கணினிகளுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளை வழங்கும் எல்விஎஃப்எஸ் சேவை 2015 முதல் இயங்குகிறது. உங்கள் மாதிரிக்கான பயாஸ் அதில் வருமானால், புதுப்பிப்பதற்கு விண்டோஸைத் தேடி ஓட வேண்டியதில்லை. பேட்டரியை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி உங்கள் கணினியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நிலாமுற்றம்

பனையோலை அவர்களே, நல்ல பட்டியல். ஆனால் பயாஸைப் புதுப்பிக்கச் சொல்லும்போது, அதற்கு முன் பிட்லாக்கரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தத் திரையை இன்னொரு வீட்டில் இன்னொருவர் காண வேண்டாம்.

கருங்குயில்

பனையோலையின் பதிவைப் படித்த பிறகு நேற்று எல்விஎஃப்எஸ் வழியாக பயாஸைப் புதுப்பித்தேன். இன்று காலை மூடியைத் திறந்தபோது கணினி மீண்டும் வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணைப் பார்த்தேன், சுழி. புதுப்பிப்பு எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்குத் திருப்பியிருக்கிறது, வட்டின் முறையும் ரெய்டுக்குப் போயிருக்கிறது. மாற்றிவிட்டுப் பத்து நிமிடச் சோதனையை மறுபடி ஓட்டினேன். 587 விநாடி.